தைராய்டு அறுவைக்குப் பின் குரல் போனது: ஒரு மகளின் கேள்விக்குப் பதில்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. திருவான்மியூர் மார்க்கெட்டில் இருபது வருடமாகக் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியைப் பத்து வாரங்களுக்கு முன் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததிலிருந்தே அவருக்குக் குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. ஊரில் இருக்கும் பாட்டிக்கு போனில் பேசுவது யார் என்றே தெரியவில்லை. கடையில் கூவி விற்க முடியாததால் வியாபாரமும் படுத்துவிட்டது. நரம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கும், ஆறு மாதத்தில் தானே சரியாகிவிடும் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். அண்ணி சித்தரத்தையும் அதிமதுரமும் கொடுக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா நாற்பத்தெட்டு நாள் மௌனவிரதம் இருக்கச் சொல்கிறார். அண்ணனோ வேறு ஆஸ்பத்திரியில் உடனே இன்னொரு ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். காய்கறிக் கூடையைத் தூக்கினால் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, அது தைராய்டு எடுத்த பலவீனம் என்று நினைக்கிறோம். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறும், அது பெரிதில்லை. குரல் திரும்புமா? காத்திருக்கலாமா? டாக்டர் தவறு செய்துவிட்டாரா? (ஒரு வாசகி, திருவான்மியூர்)

பதில்:

உங்கள் கடிதத்தில் குரலைப் பற்றிப் பல வரிகள் எழுதியிருக்கிறீர்கள்; தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதி, அது பெரிதில்லை என்றும் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முதலில் கண்ணில் பட்டது. குரலுக்காகச் சில மாதங்கள் காத்திருப்பதில் நியாயம் உண்டு, அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். புரையேறுவதற்கோ காத்திருப்பு மருந்தல்ல. ஆகவே நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்.

குரல்வளை குரலுக்காக ஏற்பட்ட உறுப்பு என்று நாம் நினைக்கிறோம், பெயரும் அப்படித்தான் அமைந்துவிட்டது. அதன் முதல் வேலை காவல் காப்பது. தொண்டையில் மூச்சுக்கும் உணவுக்கும் ஓரிடம் வரை ஒரே வழிதான். அதற்குக் கீழே முன்புறம் மூச்சுக்குழாயும் பின்புறம் உணவுக்குழாயும் பிரிகின்றன. ஒரு மிடறு தண்ணீரை விழுங்கும்போது மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலே எழும்பி முன்னே நகர்கிறது, அதன் வாயிலில் உள்ள மடல் கவிழ்கிறது, உள்ளே அதிர்ந்து குரலை எழுப்பும் மடிப்புகளான இரண்டு குரல்நாண்களும் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்கின்றன, தண்ணீர் பின்புறமாக வழுக்கிச் சென்றுவிடுகிறது. இவ்வளவும் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது. இரண்டு நாண்களில் ஒன்று அசையாமல் நின்றுவிட்டால் கதவின் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும். பேசும்போது அந்த இடைவெளி வழியாகக் காற்று வீணாகிறது, குரல் காற்றாக வருகிறது. விழுங்கும்போது அதே இடைவெளி வழியாகத் தண்ணீர் கசிகிறது, புரையேறுகிறது. உங்கள் தாயாருக்கு இவை இரண்டு நோய்களாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரே இடைவெளியின் இரண்டு விளைவுகளாகவே இவற்றைப் பார்க்கிறேன்.

கூடை தூக்கும்போது மூச்சு வாங்குவதும் பெரும்பாலும் அதே இடைவெளியால்தான். பாரம் தூக்குகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்குவார்கள். அப்போது குரல்நாண்கள் மூடி, நெஞ்சுக்குள் காற்றை அடைத்து வைப்பதால்தான் தோளும் கைகளும் ஊன்றிக்கொள்ள ஓர் உறுதியான தளம் கிடைக்கிறது. கதவு மூடாதவர் மூச்சைப் பிடிக்க முடியாது. காற்றுப் போன டியூபின் மீது உட்கார்ந்தாற்போல நெஞ்சு அமுங்கிவிடும். ஆகவே இதைத் தைராய்டு எடுத்த பலவீனம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதே சமயம், தைராய்டு ஹார்மோன் மாத்திரையின் அளவு போதுமானதா என்று இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வதும் அவசியம், ஏனெனில் அது குறைந்தாலும் சோர்வு வரும், குரலும் கனத்துப்போகும். கால்சியம் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம்; தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளியாவது இருக்கட்டும்.

இப்போது இந்தக் கோளாறு எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் பத்தாம் நரம்பின் கிளை ஒன்று குரல்நாண்களை அசைக்கிறது. அது நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கழுத்துக்கு ஏறி வருகிறது. வலப்பக்க நரம்பு கைக்குச் செல்லும் தமனியைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. ரோமாபுரியில் 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன், கத்திக்கொண்டிருந்த பன்றியின் இந்த நரம்புகளைப் பலர் முன்னிலையில் அறுத்துக் காட்ட, அதன் குரல் சட்டென்று அடங்கியது. குரலுக்கான கட்டளை எங்கிருந்து வருகிறது என்ற விவாதத்துக்கு, மூளையிலிருந்துதான் என்று அவர் அப்படி விடை சொன்னார். ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமனே உள்ள இந்த நரம்பு, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில், தைராய்டு சுரப்பியின் முதுகை உரசிக்கொண்டு ஏறுகிறது. சுரப்பியை எடுக்கும் எவரும் இதன் பக்கத்தில் கத்தி வைத்தே ஆக வேண்டும்.

எனவே டாக்டர் தவறு செய்துவிட்டாரா என்ற உங்கள் கேள்விக்கு, நரம்பு பாதிக்கப்பட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஆம் என்று சொல்ல முடியாது. நரம்பை அறுக்காமலேயே அது இழுபடலாம், இரத்தக்கசிவை நிறுத்தும் கருவியின் சூடு படலாம், வீக்கத்தில் நசுங்கலாம், கட்டியே அதைச் சுற்றிப் பிடித்திருக்கலாம். அனுபவமுள்ள கைகளிலும் தற்காலிகமான பாதிப்பு இப்படி நேர்வதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை மீண்டுவிடும். நிரந்தரமாகத் தங்குவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு என்றுதான் பொதுவாகக் கணக்குச் சொல்வோம். மயக்கம் கொடுக்கும்போது வைத்த குழாய் உரசியதால் குரல்வளையின் மூட்டு விலகுவதும் அரிதாக உண்டு, அதற்குச் சிகிச்சையே வேறு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. குரல் போய், தண்ணீரும் புரையேறுகிற ஒருவருக்குப் பத்து வாரம் ஆகியும் குரல்வளைக்குள் எட்டிப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. உண்மையிலேயே பார்க்கவில்லை என்றால், அறுவையில் நேர்ந்ததைக் காட்டிலும் அதன் பிறகு பாராமல் விட்டதுதான் எனக்குக் குறையாகத் தெரிகிறது.

இதைப் பிறர்மேல் பழியாகச் சொல்லவில்லை. பயிற்சிக் காலத்தில் நானும் இதே சொற்களைச் சொல்லியிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து வாருங்கள், தானே சரியாகும் என்று நான் அனுப்பிவைத்த ஒரு பெரியவர், ஏழாவது வாரத்தில் காய்ச்சலோடு வந்து நிமோனியா என்று படுத்தார். நரம்பைப் பற்றி நான் சொன்னது சரியாகவே இருந்தது, ஐந்தாம் மாதத்தில் அவர் குரல் திரும்பவும் செய்தது. இடைப்பட்ட நாட்களில் அவர் தண்ணீரை எப்படிக் குடிக்கிறார் என்று மட்டும் நான் கேட்டிருக்கவில்லை. படுக்கையருகே நின்றபோதுதான் பார்த்தேன்: சொம்பை உயரத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, உதட்டில் படாமல் மளமளவென்று ஊற்றிக்கொண்டார்.

நம் வீடுகளில் எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நல்ல பழக்கம். குரல்நாண் மூடாதவருக்கு அதைவிடக் கெடுதலான முறை வேறில்லை. தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாயின் வாயில் நன்றாகத் திறந்துகொள்ளும்; தண்ணீர் நம் விருப்பத்துக்கு நிற்காமல் தன் வேகத்தில் விழும். ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், உங்கள் தாயாருக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கி வைத்து, இனி வாய் வைத்தே குடிக்கச் சொல்வதுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றே நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் வாயில் எடுத்து, மூச்சை நிறுத்தி விழுங்கி, விழுங்கியவுடன் ஒருமுறை இருமி, மறுபடி விழுங்கட்டும். எந்தப் பக்கத்து நாண் அசையவில்லை என்று தெரிந்த பிறகு, முகத்தை அந்தப் பக்கமாகவே திருப்பிக்கொண்டு விழுங்கினால் பலருக்கு இன்னும் சுலபமாக இருக்கும். பலவீனமான பக்கம் அடைபட்டு, உணவு நல்ல பக்கமாக இறங்கும்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுவது நம் வழக்கம். நினைப்பவர்கள் நினைக்கட்டும், தலையில் தட்டுவதால் பயன் ஏதுமில்லை. அவரை முன்னே குனிந்து இருமவிடுங்கள். இருமல் அடங்கும் முன் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடி என்று கொடுக்காதீர்கள்.

உணவைப் பொறுத்தவரை, தொண்டை சரியில்லை என்றதும் ரசம் சாதமும் கஞ்சித் தண்ணீரும் கொடுப்பதுதான் நம் இயல்பு. இங்கே அது தலைகீழ். நீர்த்த பொருள் வேகமாக ஓடும், ஓடுவதுதான் கசியும். குழைய வேகவைத்துக் கெட்டியாகப் பிசைந்த தயிர்சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம் ஆகியவை உருண்டையாக ஒன்றுசேர்ந்து மெதுவாக இறங்கும். ரசம் சாதத்தின் சங்கடம் என்னவென்றால், வாயில் பருக்கையை மெல்லும் நேரத்திலேயே ரசம் பிரிந்து முன்னால் ஓடிவிடும். இரண்டு தன்மையுள்ள உணவை ஒரே வாயில் சமாளிப்பது கடினம். பொரி, மிக்சர், உதிர்ந்த புட்டு போன்றவற்றைச் சில மாதங்கள் தள்ளி வையுங்கள். சாப்பிடும்போது பேச்சும் வேண்டாம், டிவி சீரியலும் வேண்டாம். அதற்காகத் தண்ணீரையே குறைத்துவிடாதீர்கள், சென்னை வெயிலில் மார்க்கெட்டில் நிற்பவருக்கு அது வேறொரு தொல்லையைக் கொண்டுவரும். சிறு மிடறுகளாக, அடிக்கடி, மேலே சொன்ன முறையில் குடிக்கட்டும். காய்ச்சல், மஞ்சள் சளி, நெஞ்சில் கரகரப்பு, எடை குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இந்தப் பதிலை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது சீட்டியடிப்பதுபோல் ஒலி கேட்டால் இரவென்றும் பகலென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள். அது இரண்டு நாண்களும் அசையாமல் நிற்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். இன்னொன்று, எந்தச் சிகிச்சையும் இல்லாமல் இருமல் மட்டும் நின்றுபோனால் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்குத் தொண்டை மரத்துப்போய், தண்ணீர் இறங்குவது தெரியாமலேயே நுரையீரலுக்குப் போகும்.

அடுத்த காரியம், குரல்வளையைப் பார்ப்பது. 1854இல் பாரீஸில் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, வெயிலை இன்னொரு கண்ணாடியால் உள்ளே செலுத்தித் தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். குரல்வளை மருத்துவம் என்ற எங்கள் துறை ஒரு பாடகரின் ஆர்வத்திலிருந்து பிறந்தது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு. இன்று மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராக் குழாயை விட்டு, நோயாளியும் திரையில் பார்க்கும்படி காட்டுகிறோம். மரத்துப்போகும் மருந்தை மூக்கில் விட்டுவிட்டால் வலி இராது, லேசான கூச்சம்தான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை அதிர்வதால் வெறும் கண்ணுக்கு அந்த அசைவு தெரியாது. ஸ்ட்ரோபோஸ்கோப் என்ற விட்டுவிட்டு மின்னும் விளக்கின் கீழ் அந்த அதிர்வு மெதுவாக அலையடிப்பதுபோல் தோன்றும். எந்த நாண் நிற்கிறது, நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, இடைவெளி எத்தனை என்பதெல்லாம் அப்போதுதான் துல்லியமாகப் புலப்படும்.

அதே குழாயை உள்ளே வைத்துக்கொண்டே விழுங்கவும் சொல்லிப் பார்க்கலாம். என்னிடம் வருகிறவர்களை நான் வீட்டுச் சாப்பாட்டையே கொண்டுவரச் சொல்வேன். தயிர்சாதத்தில் ஒரு சொட்டுப் பச்சை நிறத்தைக் கலந்து ஒரு கவளம், அதே நிறம் கலந்த தண்ணீர் ஒரு தேக்கரண்டி, பிறகு ஒரு டம்ளர், கடைசியில் ஒரு துண்டு பிஸ்கட். பச்சை எங்கே தேங்குகிறது, எந்த மிடறில் குரல்நாணுக்குக் கீழே கசிகிறது, முகத்தைத் திருப்பினால் கசிவு நிற்கிறதா என்பதைக் குடும்பத்தாரும் திரையில் பார்த்துவிட்டால் அப்புறம் வீட்டில் யாரும் சொம்பைத் தூக்க விடுவதில்லை. நான் அரை மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்தப் பச்சைக் கோடு புரியவைத்துவிடும். தேவைப்பட்டால் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே படமாகவும் எடுப்பார்கள்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு உங்கள் தாயாரை ஆ என்று இயன்றவரை நீட்டச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். நலமாக இருப்பவர்கள் பதினைந்து நொடிக்குக் குறையாமல் நீட்டுவார்கள். ஒரு நாண் நின்றுவிட்டவருக்கு ஐந்தாறு நொடியில் காற்றுத் தீர்ந்துவிடும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், மூன்று முறை முயன்று அதிகமானதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எங்களுக்கு அந்தக் குறிப்பு மிகவும் உதவும்.

காத்திருப்பதா, அறுவையா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். அறுபடாத நரம்பு மெல்ல மெல்லத் தேறும். பலருக்கு ஆறு மாதத்துக்குள்ளும், சிலருக்கு ஓராண்டு வரையிலும் இந்தத் தேறுதல் நடக்கிறது. நாண் அசையத் தொடங்காமலேயே குரல் மட்டும் திரும்புவதும் உண்டு. மீண்டு வளரும் நரம்பிழைகள் வழி மாறிப் போனாலும் தசைக்குக் கொஞ்சம் உயிர்ப்பைக் கொடுத்துவிடுவதால் நாண் சூம்பாமல் நடுவை ஒட்டி நின்றுகொள்ளும். ஆகவே பத்தாவது வாரத்தில் நிரந்தரமான அறுவை வேண்டும் என்ற உங்கள் அண்ணனின் யோசனையை நான் ஏற்கவில்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் வரை அதற்குப் பொறுப்பதுதான் முறை. நரம்பு முற்றிலும் அறுபட்டது என்று அறுவைக் குறிப்பிலேயே எழுதியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு, அறுவையின்போது நரம்பைக் கண்டு காப்பாற்றினார்களா என்று எழுதிய குறிப்பையும், எடுத்த கட்டியின் பயாப்ஸி அறிக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை; சண்டை போடும் தொனி தேவையில்லை.

ஆனால் பொறுப்பது என்றால் கைகட்டி உட்கார்ந்திருப்பது என்று பொருளல்ல. இந்த இடைக்காலத்துக்கென்றே ஓர் ஊசிச் சிகிச்சை இருக்கிறது. அசையாத நாணுக்குள் ஜெல் போன்ற ஒரு பொருளைச் செலுத்தி அதைப் பருக்கவைத்தால், அது நடுவை நோக்கித் தள்ளப்பட்டு, நல்ல நாண் வந்து அதைத் தொட்டுவிடும். பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, தொண்டையை மருந்தால் மரக்கச் செய்து, மூக்கு வழியாக வைத்த கேமராவில் பார்த்துக்கொண்டே, கழுத்தின் முன்புறத் தோல் வழியாக ஊசியைச் செலுத்துவோம். பேசுங்கள் என்று சொல்லி, அவர் பேசப் பேச அளவைக் கூட்டுவோம். காற்றாக வந்துகொண்டிருந்த பேச்சு ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் கெட்டிப்படுவதைக் கேட்பது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குப் பழகிப்போகவில்லை. செலுத்தும் பொருளைப் பொறுத்து இது இரண்டு மூன்று மாதங்களிலிருந்து ஓராண்டுக்கு மேல் வரை நிற்கும், பிறகு கரைந்துவிடும். கரைவதுதான் இதன் நன்மை. அதற்குள் நரம்பு தேறிவிட்டால் உள்ளே தடையாக எதுவும் இராது. 1960களில் டெஃப்ளான் பசையை ஊசியில் போட்டார்கள். அது கரையாமல் தங்கி, பலருக்கு நாணுக்குள்ளேயே கட்டியாக இறுகிவிட்டதால் கைவிடப்பட்டது. எனவே என்ன பொருளைச் செலுத்தப் போகிறீர்கள், எத்தனை மாதம் நிற்கும் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். புரையேறுதல் இருக்கிறது, தொழிலும் குரலை நம்பியது என்பதால், பரிசோதனையில் இடைவெளி தெரிந்தால் இந்த ஊசியைத் தாமதிக்காமல் போட்டுக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

ஓராண்டு கழித்தும் நாண் அசையாமல், குரலும் தேறாமல் இருந்தால்தான் நிரந்தர வழி. 1974இல் ஜப்பானின் நொபுஹிகோ இஷ்ஷிகி வகுத்துக் காட்டிய முறையை ஒட்டி, கழுத்து மடிப்பில் ஒரு சிறு கீறல் போட்டு, குரல்வளையின் குருத்தெலும்பில் ஒரு சன்னல் திறந்து, அதன் வழியாக ஒரு சிறு கட்டையை வைத்து நாணை உள்ளே தள்ளிவிடுவார்கள். இதன் அழகு என்னவென்றால் நோயாளி விழித்திருப்பார். கட்டையின் அளவைச் செதுக்கிச் செதுக்கி வைத்து, ஒன்று இரண்டு எண்ணச் சொல்லி, குரல் கேட்டே அளவை முடிவுசெய்வார்கள். தேவையானால் பின்னால் அதை எடுத்துவிடவும் முடியும். கழுத்தில் வேறொரு தசைக்குச் செல்லும் நரம்பைக் கொண்டுவந்து இணைக்கும் அறுவையும் உண்டு, பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும், இளையவர்களுக்கே அது கூடுதலாகப் பயன்படுகிறது.

இந்த எல்லாக் கட்டங்களிலும் குரல் பயிற்சி உடன் வர வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் திக்குவாய்க்கும் பேசாத குழந்தைக்கும் மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். மூச்சை எப்படிப் பங்கிட்டுப் பேசுவது, எந்தச் சுருதியில் நாண்கள் நன்றாகச் சேர்கின்றன, கழுத்தை இறுக்காமல் குரலை எப்படி எடுப்பது என்பதை அவரே கற்றுத் தருவார். விழுங்கும் பயிற்சியும் அவரிடம்தான். மௌனவிரதத்தைப் பொறுத்தவரை, அது தேவையில்லை. இது கத்திக் கத்தி நாண் புண்ணானவரின் கதையல்ல, நரம்பு ஓய்ந்தவரின் கதை. நாற்பத்தெட்டு நாள் பேசாமல் இருப்பதால் நரம்பு வேகமாகத் தேறிவிடாது. பேசலாம், ஆனால் இரைச்சலை மீறிப் பேச முயலக் கூடாது, வலிந்து கிசுகிசுக்கவும் கூடாது. இரண்டிலும் நல்ல நாணும் சுற்றியுள்ள தசைகளும் அளவுக்கு மீறி இறுகி, அதுவே தனிக் கோளாறாகிவிடும். அண்ணியின் சித்தரத்தையும் அதிமதுரமும் தொண்டைக்கு இதம் தரும், அளவோடு கொடுக்கட்டும். இரத்தக் கொதிப்பு இருந்தால் அதிமதுரத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, தொட்டால் அதற்குப் பெயர்தான் புரையேறுதல். கஷாயமும் தண்ணீரைப் போன்றதே என்பதால் அதையும் தேக்கரண்டியில்தான் கொடுக்க வேண்டும்.

எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். தனியாரிடம் போவதானால், குரல் மற்றும் விழுங்குதல் கோளாறுகளைத் தனியாகப் பார்க்கும் மருத்துவரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் ஒரே இடத்தில் இருக்கிறார்களா, ஸ்ட்ரோபோஸ்கோபி வசதி உண்டா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச்செல்லுங்கள், எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, குரல் திரும்புமா என்பது. வீட்டில் பேசவும், போனில் பாட்டிக்கு அடையாளம் தெரியவும், கடைக்கு வந்தவரிடம் விலை சொல்லவும் போதுமான குரல், நரம்பு தானே தேறியோ, ஊசியாலோ, அறுவையாலோ கிடைத்துவிடும் என்று பெரும்பாலானவர்களுக்கு நான் நம்பிக்கையோடு சொல்வேன். மார்க்கெட் இரைச்சலுக்கு மேலே எழும்பி, தெருமுனை வரை கேட்கும்படி கூவுகிற அந்தக் குரலைப் பற்றி மட்டும் இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன். உரத்தும் உச்சத்திலும் எடுக்கும் குரல்தான் கடைசியில் திரும்பும், சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. அதற்காகக் கடையை மூட வேண்டியதில்லை. தள்ளுவண்டிக்காரர்கள் விலையைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் ஓடவிடுவதைத் தினமும் கேட்கிறீர்கள். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு ஸ்பீக்கரும் காதோரம் மாட்டும் மைக்கும் ரிச்சி தெருவில் கிடைக்கும், பள்ளி ஆசிரியர்கள் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கூடையை நீங்களோ அண்ணனோ தூக்கி வைத்துவிட்டால், அந்த மைக்கோடு அவர் நாளைக்கே கடையில் உட்காரலாம். பக்கத்தில் அந்த டம்ளரை வைக்க மறந்துவிடாதீர்கள்.